பக்கத்துக் காணி வண்டு

தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட காலத்தில் வன்னியில் விசுவமடுவிலிருந்து முள்ளியவளை வரைக்கும் எல்லோரும் தென்னை நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். காணி உள்ளவர்கள் எத்தனை தென்னம்பிள்ளை வைக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். காணி இல்லாதவர்கள் மற்றவர் காணியில் எத்தனை வைக்கலாம் என்று சொன்னார்கள். 2025 செப்டம்பரில், உலக தென்னை தினத்தை ஒட்டி, புதுக்குடியிருப்பில் வடக்குத் தெங்கு முக்கோணம் என்ற தென்னை நடுகைத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. குருநாகல், புத்தளம், கம்பஹா என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பழைய முக்கோணத்துக்கு வடக்கே ஒரு தம்பி பிறந்திருக்கிறான் என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார். நல்ல பேச்சுத்தான். ஆனால் கன்று எப்போது தருவார்கள், எத்தனை தருவார்கள், மானியம் எவ்வளவு என்று கேட்டவர்களில் ஒருவர்கூடத் தென்னங்குருத்தைத் துளைக்கும் கருவண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் பின்வீதிப் பெடியன் ஒருவன் வேறொரு கேள்வியோடு வந்தான். "அண்ணை, தென்னையை விடச் செம்பனையில லாபம் கூடவாம். அதே காணியில பல மடங்கு எண்ணெய் எடுக்கலாமாம். இஞ்ச வராதோ?"

எண்ணெய்க் கணக்கில் அவன் பிழையில்லை. செம்பனை, அதுதான் பாம் எண்ணெய் மரம், ஒரு ஹெக்டெயருக்குத் தரும் அளவு எண்ணெயை வேறெந்தப் பயிரும் தருவதில்லை. ஆனால் அது ஆண்டு முழுக்க மழை கேட்கிற மரம். 2,000 மில்லிமீற்றர் வேண்டும், அதுவும் மாதங்களுக்குப் பரவலாக வேண்டும். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. பிறகு குளத்தின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் இடம் என்பதுதான் உலர் வலயத்துக்கே வரைவிலக்கணம். அதோடு, 2021 ஏப்ரலில் அரசாங்கம் புதிதாகச் செம்பனை நடுவதைத் தடைசெய்து, தெற்கில் ஏற்கெனவே நின்ற ஏறத்தாழ 11,000 ஹெக்டெயரையும் பத்துப் பத்து வீதமாக அகற்றச் சொன்னது. காலிப் பக்கம் நாக்கியாதெனியவில் 1960களின் கடைசியில் தொடங்கிய பயிர் அது. தடை சரியா பிழையா என்பது தோட்டக் கம்பனிகளும் சூழலியலாளர்களும் பிடிக்கிற சண்டை. நமக்கு அதில் பங்கில்லை, இங்கே அந்த மரம் வராது.

"மரத்தை விடு. அந்த மரத்துக்கு வந்த பூச்சிகளோட அவங்கள் என்ன பாடுபட்டாங்கள் எண்டதைப் படி. அது இஞ்ச வரும்," என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஈடுபாடு வந்தது மலேசியாவின் ஜோகூரில் இருக்கிற மச்சானால். அவனுடைய பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கிராணி வேலைக்குப் போனவர். றப்பர் காலத்தில் தோட்டத்துக்குள் போன குடும்பம் செம்பனைக் காலத்திலும் வெளியே வரவில்லை. மச்சானுடைய வேலை பூச்சிக் கணக்கெடுப்பு. மருந்தடிப்பது வேறு ஆட்கள். இவனுடைய ஆட்கள் மரத்துக்கு மரம் போய் ஓலையை வெட்டி இறக்கி, அதில் உயிரோடிருக்கும் புழுவை எண்ணிக் குறித்துக்கொண்டு வருவார்கள். எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டினால்தான் மருந்துப் பெட்டி திறக்கும். ஓலைக்குப் பத்துப் புழு என்பது அவர்கள் அதிகம் பேசுகிற எல்லை. அதற்குக் கீழே என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். "சும்மா இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்று வாட்ஸ்அப்பில் சொல்லிச் சிரிப்பான்.

சும்மா இருப்பதன் பெறுமதியை மலாயாத் தோட்டக்காரர்கள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1950களின் கடைசியில் டிடிடி, டீல்ட்ரின் போன்ற மருந்துகள் மலிவாகக் கிடைத்தன. ஒருமுறை அடித்தால் நாட்கணக்காக இலையில் நின்று, தொட்டதையெல்லாம் கொல்லும் வகை. செம்பனை ஓலையில் அங்குமிங்கும் சில பூச்சிகளைக் கண்டதும் அடித்தார்கள். அடுத்த சில வருடங்களில், அதுவரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு புழு ஆயிரக்கணக்கான ஏக்கரை மொட்டையடித்தது.

அந்தப் புழுவைக் கிட்டப் பார்த்தால் விளங்கும். ஒரு அந்துப்பூச்சியின் புழு அது, பைப்புழு என்பார்கள். தான் தின்ற ஓலையின் துணுக்குகளைத் தன் பட்டுநூலால் ஒட்டி, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பையைப் பின்னிக்கொள்ளும். தலையும் முன்காலும் மட்டும் வெளியே. நகரும்போது பையையும் இழுத்துக்கொண்டு நகரும். பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை. அது பையைவிட்டு வெளியே வராமல் அங்கேயே முட்டையிட்டுச் சாகும். தொட்டால் கொல்லும் மருந்து அந்தப் பைக்குள் இருக்கிற புழுவுக்கு முழுதாகப் போய்ச் சேராது. ஆனால் அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிடுவதற்காக ஓலை ஓலையாய்த் தேடித் திரிகிற சின்னக் குளவிகள் எந்தப் பையும் இல்லாமல் பறப்பவை. மருந்து முதலில் கொன்றது அவற்றை. காவல்காரனைச் சுட்டுவிட்டுக் களவைப் பற்றி முறைப்பாடு எழுதின கதை.

1960களில் பிரயன் வூட் என்ற பூச்சியியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைத் தோட்டத்தில் வைத்தே நிறுவினார்கள். மருந்தை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. பிறகு, அடித்தே ஆக வேண்டிய இடத்தில் ஓலையைத் தின்கிற புழுவை மட்டும் பிடிக்கும் மருந்து, பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பி.டி. (Bt) என்ற மருந்து என்று போனார்கள். இன்றைக்கு அந்தத் தோட்டங்களின் வண்டிப்பாதை ஓரமெல்லாம் பூச்செடி வைத்திருக்கிறார்கள். மச்சான் அனுப்பிய படத்தில் பார்த்தேன். காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கும் வெள்ளைப்பூ டேர்னரா, கொடியாக ஏறும் இளஞ்சிவப்புப் பவளக்கொடி. இரண்டும் நமது வீட்டு வேலிகளிலும் நிற்பவைதான். அழகுக்கு வைத்தவை அல்ல அவை. புழு இல்லாத மாதங்களில் குளவிகள் பட்டினி கிடக்காமல் தேன் குடிப்பதற்கு.

குளவிக்குச் சாப்பாடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது எங்கள் வீதியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பூச்சியை வேலைக்கு அமர்த்துவது அவர்களுக்குப் புதிதில்லை. மலேசியாவில் 1981 வரைக்கும் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவ ஆட்களை வைத்திருந்தார்கள். காற்றால் நடக்கும் என்று நம்பிய மகரந்தச் சேர்க்கை ஏன் அங்கே சரியாக நடக்கவில்லை என்று பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது அந்த மரத்தின் தாய்நிலமான மேற்கு ஆபிரிக்காவுக்குப் போய்ப் பார்த்தார். கமரூனில் அந்தப் பூவுக்குள்ளேயே குடியிருந்து மகரந்தத்தை அங்குமிங்கும் காவுகிற ஒரு நுண்ணிய மூக்கு வண்டைக் கண்டார். 1981இல் அதைக் கொண்டுவந்து மலேசியாவில் விட்டார்கள். கையால் தூவும் வேலை அதோடு முடிந்தது. விடுவதற்கு முன்னால் அந்த வண்டு வேறு பயிர்களைத் தொடுமா என்று சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூச்சியைக் கொண்டுவந்து விடுவது என்றதும் அவிழ்த்து விடுகிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் அங்கே. எங்கள் வண்டுக்கு வருகிறேன்.

கருவண்டு, காண்டாமிருக வண்டு, கொம்பு வண்டு என்று என்ன பெயரில் சொன்னாலும் ஆள் ஒன்றுதான். செம்பனையையும் தின்னும், தென்னையையும் தின்னும், பனையையும் விடாது. இரவில் வரும். ஓலைக் கவட்டுக்குள் இறங்கி, இன்னும் விரியாத குருத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சாற்றைக் குடித்துவிட்டு நாரைச் சக்கையாக வெளியே தள்ளும். துளை வாயில் ஈரமான மாச்சக்கை தள்ளிக்கொண்டு நிற்பதைக் கண்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். புளித்த வாசம் ஒன்று வரும். குருத்து பிறகு விரியும்போது ஓலையில் வரிசையாக முக்கோண வெட்டு விழுந்திருக்கும். பெரிய மரம் இதைத் தாங்கும். மூன்று வயதுப் பிள்ளையில் வளர்முனைவரைக்கும் போனால் பிள்ளை முடிந்தது. சாகாமல் தப்பினாலும் அந்தத் துளை வழியாகச் செவ்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். மரத்தில் காதை வைத்தால் அது அரைக்கிற சத்தம் கேட்கும். கேட்கிற நேரத்தில் அனேகமாகக் காலம் கடந்திருக்கும்.

எங்கள் வீதியில் எல்லோருக்கும் அப்பு என்று ஒருவர் இருக்கிறார். கருவண்டு எடுப்பதில் அவரை விஞ்ச ஆளில்லை. பழைய சைக்கிள் வீல் கம்பி ஒன்று, நுனியைச் சற்று வளைத்துத் தட்டித் தூண்டில் முள்ளுப்போல் ஆக்கியது, அதுதான் ஆயுதம். துளைக்குள் விட்டு மெதுவாகத் திருப்புவார். கம்பி மரத்தில் முட்டுவதும் வண்டின் ஓட்டில் முட்டுவதும் கைக்கு வேறுவேறாகத் தெரியுமாம். "நறுக்" என்றதும் ஒரு சுண்டு. கறுத்து மினுங்கும் வண்டு கால்களை உதைத்துக்கொண்டு வெளியே வரும். நீளக் கொம்பு என்றால் ஆண். பெண் என்றால் அப்புவுக்குச் சந்தோசம், ஏனென்றால் ஒரு பெண் ஐம்பதுக்கு மேல் முட்டையிடும். பிறகு துளைக்குள் மணலும் வேப்பம்விதைத் தூளும் கலந்து போட்டு, மேல் மூன்று கவட்டுக்கும் அதே கலவையை வைப்பார். ஆராய்ச்சி நிலையங்கள் எழுதி வைத்திருப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் அப்புவே சொல்வார்: "தம்பி, கம்பியால எடுக்கிறது வந்த வண்டை. வாற வண்டை என்ன செய்யப்போறாய்?"

வண்டு குருத்தில் பிறப்பதில்லை. உக்கிப்போன மரக்குற்றியில், எருக்கும்பியில், மரத்தூள் குவியலில் பிறக்கிறது. முட்டை பத்து நாளளவில் பொரிக்கும். புழு வெள்ளையாக, தலை மட்டும் மண்ணிறமாக, வளைந்தபடி அந்த உக்கலுக்குள்ளேயே நாலைந்து மாதம் இருந்து தின்று கொழுக்கும். மரத்துக்கு அந்தப் புழுவால் ஒரு கெடுதியும் இல்லை. அது வண்டாகிப் பறந்த பிறகுதான் வினை. ஆக, நாலைந்து மாதம் அது நம் காலடியில், கையால் பொறுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. நாம் அப்போது பார்ப்பதில்லை. ஓலை வெட்டுப்பட்ட பிறகு அண்ணாந்து பார்க்கிறோம்.

மீள்குடியேறி வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எனக்கு இன்னும் துலக்கமாக விளங்குகிறது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது தென்னைகள் பாதி தலையில்லாமல் நின்றன. ஷெல் பட்டு வட்டோடு போனவை நின்ற நிலையில் உக்கத் தொடங்கியிருந்தன. அதைவிட முக்கியம், பங்கர்கள். ஒவ்வொரு வளவிலும் ஒன்றாவது இருந்தது, சிலவற்றில் நாலைந்து. மேலே குறுக்கே அடுக்கியது பனங்குற்றியும் தென்னங்குற்றியும், அதற்குமேல் மண். மழை இறங்கி, உள்ளே இருட்டாக, ஈரமாக, யாரும் கை வைக்காமல் ஒன்றிரண்டு மாரி கழிந்த அந்தக் குற்றிகளைவிடக் கருவண்டுக்கு வேறென்ன மாளிகை வேண்டும்? துப்பரவாக்கும்போது மண்வெட்டியால் ஒரு குற்றியைப் பிளந்தால் உள்ளே கைநிறையப் புழு. கோழிகளுக்குப் பெருநாள். அந்த வருடங்களில் உதவித்திட்டத்தில் கிடைத்த தென்னம்பிள்ளைகளை ஆசையாக வைத்தவர்கள், ஏன் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் குருத்து அழுகிச் செத்தன என்று புரியாமல் கன்றைத் திட்டினார்கள், கிணற்றுத் தண்ணீரைத் திட்டினார்கள்.

யுத்தமும் இந்த வண்டும் சேர்ந்து வந்தது நமக்கு மட்டும் நடந்ததில்லை. பசிபிக்கில் பலாவு தீவுகளுக்கு இது போய்ச் சேர்ந்ததே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 அளவில். அடுத்த பத்து வருடத்தில் அங்கே தென்னைகளில் பாதியளவு அழிந்துபோயின.

செம்பனைத் தோட்டங்களுக்கு இதே பிரச்சினை இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. மரம் கிழண்டி, சாய்த்துவிட்டு மறுநடுகை செய்யும்போது ஒரு ஹெக்டெயரில் நூற்றுக்கு மேற்பட்ட தண்டுகள் ஒரேயடியாகக் கிடக்கும். முன்பு எரித்தார்கள். புகை பக்கத்து நாடுகள்வரை போய்ப் பெரிய பிரச்சினையான பிறகு எரிக்காமல் செய்யும் முறைக்கு மாறினார்கள். மாறியதும் வண்டு பெருகியது. அதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு. தண்டை இயந்திரத்தால் மெல்லிய துண்டுகளாகச் சீவி, குவிக்காமல் பரப்பிவிடுவது. வெயில் பட்டுச் சீக்கிரம் காய்ந்து உக்கிப்போகும், புழு வளர்ந்து முடிக்க நேரமில்லை. அதற்குமேல் பூனைக்காலி இனத்துக் கொடியைப் படரவிடுவது. பச்சை மூடிய குற்றியை வண்டு கண்டுபிடிக்கத் தடுமாறும். இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் கோடரியும் வெயிலும் இருக்கின்றன. தண்டைப் பிளந்து, பிளந்த பக்கம் மேலே பார்க்கப் போட்டாலே பங்குனி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வேறு வழிகளும் உண்டு. பச்சையாகப் பூத்துப் புழுவை மம்மியாக்கும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எருக்கும்பியில் கலந்து வைக்கலாம். 1963இல் மலேசியாவில் ஜெர்மானியரான அலோய்ஸ் ஹுகர் இந்த வண்டுக்கு வரும் ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்தார். 1967இல் அதை சமோவாவில் விட்டபோது வண்டுத் தொகை படுத்துவிட்டது. உயிரியல் கட்டுப்பாட்டில் பெரிய வெற்றி என்று பாடநூல்களில் போட்டார்கள். நாற்பது வருடம் கழித்து, 2007இல், குவாம் தீவில் இறங்கிய வண்டு அந்த வைரசுக்கு மசியாத இனம். ஆக, இயற்கை முறை என்றால் ஒருமுறை செய்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வண்டை வாசத்தால் இழுக்கும் பொறியும் இருக்கிறது. வண்டு தன் இனத்தைக் கூப்பிட விடும் வாசத்தைச் செயற்கையாகச் செய்து சின்னப் பையில் அடைத்து, வாளியொன்றில் கட்டித் தொங்கவிடுவது. தோட்டங்களில் இரண்டு ஹெக்டெயருக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தன் அரை ஏக்கர் வளவின் நடுவே கட்டினார். வாளியில் வண்டு விழுந்ததென்னவோ உண்மை. ஆனால் கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்துக் காணி வண்டும் வந்தது. வந்ததெல்லாம் வாளிக்குள்ளேயே விழ வேண்டும் என்று கட்டாயமில்லையே. வாளிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வெட்டு. அதற்காகப் பொறியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே முகாமையாளரின் கீழ் ஆயிரம் ஹெக்டெயர் இருக்கிற இடத்துக்குச் செய்த சாமானை அரை ஏக்கருக்குள் கட்டினால் அப்படித்தான் நடக்கும்.

தோட்டத்துக்கும் நமக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தை நான் அங்கேதான் கண்டேன். அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் 1929இலிருந்து லுணுவிலவில் இயங்குகிறது. 1970 அளவில் பிலிப்பைன்ஸ் பக்கத்து ஓலைச்சுரங்க வண்டு ஒன்று இலங்கைக்குள் வந்து தென்னைகளைக் கருக்கியபோது, சிங்கப்பூரிலிருந்து டிமோக்கியா என்ற மிகச் சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டு அடக்கினார்கள். இன்றைக்கு அந்த வண்டின் பெயரே யாருக்கும் நினைவில்லை. 1997இல் கற்பிட்டியில் குரும்பட்டியைச் சுரண்டும் சிற்றுண்ணி வந்தபோது, அதைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணியை வளர்த்துப் பைகளில் போட்டு மரத்தில் கட்டக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. ஆக ஆய்வும் ஆளும் எட்டாத தூரத்தில் இல்லை.

இல்லாதது என்னவென்றால், காணிக்கு ஆள். எங்கள் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை வைத்த வளவுகளுக்கு நடுநடுவே வெறும் காணிகள். ஒன்றின் சொந்தக்காரர் ரொறன்ரோவில். ஒன்று மூன்று பிள்ளைகளுக்குள் பிரிக்கப்படாமல் வழக்கில். ஒன்றுக்கு உறுதிப்பத்திரமே தொலைந்துவிட்டது, உரிமைகோரி அலைகிறார்கள். இன்னொன்றில் அரச திணைக்களம் ஒன்றின் எல்லைக்கல் நிற்கிறது, யாரும் உள்ளே போகப் பயம். இவை எல்லாவற்றிலும் செத்த தென்னை நிற்கிறது அல்லது விழுந்து கிடக்கிறது. நான் என் வளவுக்குள் எருக்கும்பியைக் கிளறி, புழுவைப் பொறுக்கி, குற்றியைப் பிளந்து காயவைத்தாலும், இரவில் அந்தக் காணிகளிலிருந்து வண்டு வேலி தாண்டி வரும். மச்சானுடைய தோட்டத்தில் ஒரு சுற்றறிக்கை போட்டால் ஒரு கிழமைக்குள் நடக்கும் வேலைக்கு, எங்கள் வீதியில் ஐந்து நாடுகளுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

தென்னை முக்கோணத்துக்குக் கன்று கொடுப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. கன்றுக்கு மானியம், பசளைக்கு மானியம், சொட்டுநீருக்கு மானியம் எல்லாம் இருக்கட்டும். செத்த மரத்தைத் தறித்துப் பிளப்பதற்கு ஒரு சதமும் ஒதுக்காமல் ஏக்கர் கணக்கில் பிள்ளை வைத்தால், வைத்தது வண்டுக்கு விருந்து. ஆளில்லாத காணியில் கிடக்கும் குற்றியை அகற்றுவதற்கு யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. டெங்கு நுளம்பு என்றால் பூட்டிய வளவுக்குள்ளும் வந்து பார்க்கிறார்கள், தண்டப்பணமும் போடுகிறார்கள். வண்டுக்கு அப்படி ஒன்று இல்லை.

இந்த இடைவெளியில் வந்து நிற்பவர் மருந்துக்கடைக்காரர். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. விவசாயப் போதனாசிரியர் மாதத்தில் எப்போதாவது வருவார், கடை தினமும் திறந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வெள்ளை ஈ தென்னைகளில் ஏறி, ஓலையின் அடியில் மாப்பூசினதுபோல் படிந்து, கீழ் ஓலையெல்லாம் கரிப்பூஞ்சணம் பிடித்துக் கறுத்தபோது அந்தப் பயம் இங்கேயும் வந்தது. ஓலைக்கு அடியில் தண்ணீரை அழுத்தமாகப் பீச்சுங்கள், சவர்க்காரக் கரைசல் போதும், கடும் மருந்து வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். காரணம் பைப்புழுக் கதைதான்: வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் குளவியை மருந்து முதலில் கொல்லும். ஆனால் சவர்க்காரத் தண்ணீரில் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? வாங்குபவருக்கும் போத்தலில் எழுத்தும் படமும் இருந்தால்தான் திருப்தி. பழைய ஆட்கள் இன்னும் மரத்தில் துளைபோட்டு மொனோகுரோட்டபஸ் ஏற்றிய காலத்தைச் சொல்லி ஏங்குகிறார்கள். அதை 1995இலேயே இலங்கை தடைசெய்துவிட்டது, தென்னைக்காக அல்ல. வீட்டு மூலையில் அந்தப் போத்தல் நின்ற காலத்தில் ஒரு கோபத்தில், ஒரு மனவருத்தத்தில் எத்தனை உயிர் போனது என்பது வன்னியில் எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். அந்த வகை மருந்துகளைத் தடைசெய்த பிறகு நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஏங்க ஒன்றுமில்லை.

மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் நிறுத்தி, நவம்பரில் அதைத் திருப்பி எடுத்த கூத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு "இயற்கை முறை" என்று வாய் திறந்தாலே கமக்காரர் முகத்தைத் திருப்புகிறார்கள். அவர்களில் பிழையில்லை. மருந்தை நிறுத்து என்று சொல்வது ஆய்வில் கடைசிப் பக்கம். அதற்கு முன்னால் எண்ணுவது, எல்லை வைப்பது, குளவியைக் காப்பது என்று பல பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைக் கிழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் வர்த்தமானியில் போட்டார்கள்.

கூகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மச்சான் கோபிப்பான். செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிக்கு மலேசியாவில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். முன்பு அந்தத் தீபகற்பத்தில் அரிதாக இருந்த பறவை, 1970களிலிருந்து தோட்டங்களோடு சேர்ந்து பெருகியது. ஒரு சோடியும் குஞ்சுகளும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடுமையான புதுவகை எலிப்பாசாணம் வைத்த தோட்டங்களில், அதைத் தின்ற எலியைத் தின்று கூகை செத்தது. பாசாணத்தை மாற்றிய பிறகுதான் கணக்குச் சரியாக வந்தது. இங்கே கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிகிறோம். அதே ஆட்கள் வயலுக்குள் தென்னம் மட்டையைத் தலைகீழாக நட்டு, ஆந்தை வந்து குந்தி எலி பிடிக்கட்டும் என்று விடுகிறார்கள். வயலில் வரலாம், கூரையில் வரக்கூடாது. (யானைக்கும் குரங்குக்கும் என்ன பெட்டி கட்டுவது என்று கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு எண்ணச் சொன்னார்கள், நானும் எண்ணினேன். அது இன்னொரு நாளைக்கு.)

இந்த முறை மாரிக்கு முன்னால் எங்கள் வீதியில் ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், வீதியின் ஆளில்லாத காணிகளின் பட்டியல் எடுத்து, சொந்தக்காரர்களுக்கு ஆளாளுக்குத் தெரிந்தவர் மூலம் வாட்ஸ்அப்பில் சம்மதம் கேட்பது என்று முடிவானது. ரொறன்ரோக்காரர் உடனே சம்மதித்தார், தறிகூலியும் அனுப்புகிறேன் என்றார். வழக்கில் கிடக்கும் காணியின் மூன்று பிள்ளைகளில் இருவர் சரி என்றார்கள். மூன்றாமவர், குற்றியை வெட்டினால் காணியை வெட்டினதாக நாளைக்கு வழக்கில் வரும் என்று மறுத்துவிட்டார். எல்லைக்கல் காணிக்கு கிராம சேவகர் மூலம் கடிதம் போயிருக்கிறது. பொறுக்குகிற புழுவுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, பிறகு பெடியள் புழு வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அப்பு தடுத்துவிட்டார்.

செம்பனை கேட்டு வந்த பெடியனிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது. குற்றிகளை இழுத்து வெளியே போட அவன் ஒத்துக்கொண்டான், டீசலைச் சங்கம் கொடுக்க வேண்டும் என்றான். பொருளாளர் ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்கிறார். அவன் எட்டுக்குக் குறைய மாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம்.